சீட்டின் மூலையில் ஒரு சிறு முத்திரை

நாம் குடியேறி வாழும் பெருநகரங்களில், டாரட் சீட்டுகளை விரித்து வருங்காலம் கூறுவோர் இன்று பலராகிவிட்டனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் அச்சீட்டுகளை ஆவலோடு புரட்டிப் பார்க்கின்றனர். சீட்டு வருவதை உரைக்குமா, உரைக்காதா என்னும் வழக்கினுள் நாம் இங்கே புகவில்லை. அவற்றிலுள்ள ஓவியங்களைப் பற்றியும், அவற்றைத் தீட்டிய கையைப் பற்றியும் சில சொல்லவே விரும்புகிறோம்.

டாரட் பிறந்த இடம் விளையாட்டு மேசையே. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களுக்காகப் பொற்றகடு பதித்துத் தீட்டிய சீட்டுகள் சில இன்றும் காக்கப்பட்டுள்ளன. கிண்ணம், வாள், நாணயம், கோல் என்னும் நான்கு இனங்களில் 56 சீட்டுகள். துருப்புச் சீட்டுகள் 21. பேதை என்னும் தனிச்சீட்டு ஒன்று. ஆக 78 கொண்டது ஒரு கட்டு. 1781-இல் கூர் த ழெபெலான் என்னும் பிரெஞ்சு அறிஞர், இவை பண்டை எகிப்தியரின் ஞான நூலில் எஞ்சியவை என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் வெளியிட்டதோ 1822-இல்தான்! ஆதாரமற்ற கூற்றாயினும் அது வேரூன்றிவிட்டது.

இன்று உலகெங்கும் பரவியுள்ள சீட்டுக்கட்டு 1909-இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்டு வெயிட் என்னும் மறைஞான எழுத்தாளர் கருத்தளித்தார். பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி வரைந்தார். 1878-இல் லண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்த இவ்வம்மையார், மான்செஸ்டர், ஜமைக்கா, நியூயார்க் என ஊர் மாறி ஊர் மாறி வளர்ந்தவர். அவ்வாழ்வின் இயல்பை நம் அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

அதற்கு முன் வெளிவந்த பெரும்பாலான கட்டுகளில், எண் சீட்டுகளில் ஐந்து கிண்ணம், எட்டு வாள் என்று அடுக்கியிருப்பார்களேயன்றி மனிதர்களைக் காண்பது அரிது. ஸ்மித் அம்மையாரோ ஒவ்வொரு சீட்டிலும் ஒரு காட்சியை அமைத்தார். பேதைச் சீட்டில், தோளில் மூட்டையும் கையில் வெண்ரோஜாவும் கொண்ட இளைஞன் வானத்தை நோக்கியவாறே மலைவிளிம்பில் அடி எடுத்து வைக்கிறான். காலடியில் ஒரு நாய் துள்ளுகிறது. மூட்டை அனுபவத்தையும் வெண்மலர் களங்கமின்மையையும் குறிக்கும் என்பர். மரணச் சீட்டில், கவசமணிந்த எலும்புருவம் வெண்குதிரை மீது வருகிறது. மன்னன் வீழ்ந்து கிடக்கிறான். தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன் ஒளிர்கிறான். எனவே அது சாவை மட்டுமன்று, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதையும் குறிக்கும் என்று பொருள் கொள்வர். நாணயம் ஐந்தில், ஒளிவீசும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் கீழே, கொட்டும் பனியில், ஏழையர் இருவர் நடந்து செல்கின்றனர். உள்ளே ஒளி, வெளியே குளிர். இதற்கு உரை வேண்டுமோ?

இத்தனையும் வரைந்தவருக்குக் கிடைத்த பயன் யாது? பெரிய வேலை, மிகச் சிறிய கூலி என்று அவரே அவ்வாண்டில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நெடுங்காலம் அக்கட்டு, பதிப்பாளர் ரைடர் பெயரையும் வெயிட் பெயரையும் சேர்த்தே வழங்கிற்று. ஓவியரின் பெயர் அதில் இல்லை. 1951-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பூட் என்னும் கடற்கரை ஊரில் வறுமையிலேயே அவர் மறைந்தார். அவருடைய உடைமைகள் கடனுக்காக விற்கப்பட்டன. தாம் வரைந்த சாளரத்தின் வெளியே தாமே நின்றார் போலும்!

ஆயினும் அவர் ஒன்று செய்துவைத்திருந்தார். தம் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி, சீட்டுகளின் கீழ்மூலையில் சிறு முத்திரையாகப் பொறித்தார். இன்று பலர் அக்கட்டை ரைடர்-வெயிட்-ஸ்மித் என்றே அழைக்கின்றனர். அச்சீட்டுகள் அடுத்த முறை நம் கைக்கு வந்தால், நம் எதிர்காலத்தைத் தேடுமுன் அந்த மூலையைச் சற்று நோக்குவோம்; பிள்ளைகளுக்கும் காட்டுவோம். உழைத்தவர் பெயரை அறிந்து சொல்வது, எவ்வூரில் வாழினும் நம்மால் இயன்ற அறமன்றோ?