நெடுநாள் குறிக்கோளும் நாள்தோறும் இன்பமும்

மனித வாழ்வுக்குக் குறிக்கோள் இன்றியமையாதது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், எத்தகைய குறிக்கோளைக் கொள்வது, அதனை அடையும் வரையுள்ள நீண்ட காலத்தை எவ்வாறு கழிப்பது என்னும் இரு வினாக்களை நாம் ஆழ்ந்து எண்ணுவதில்லை.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் 1988-ஆம் ஆண்டு முதல் எழுதி வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அத்தேர்வு இருந்தவரை அதில் சிறந்த தேர்ச்சி பெறுவதே பல இல்லங்களில் கல்வியின் ஒரே குறிக்கோளாக விளங்கிற்று. தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தை மூடி வைத்தோர் பலர். அது நீங்கியபோது, "இனி எதற்காகப் படிப்பது?" என்று வினவியோரும் உண்டு. தேர்வுகள் வரும், மாறும், மறையும். அவற்றோடு நம் ஊக்கமும் மறைந்துவிடுமாயின், அவ்வூக்கம் கல்வியின்மீது கொண்டதன்று என்பது தெளிவு. ஆகவே, தேர்வுக்கு அப்பாலும் நிலைத்து நிற்கும் குறிக்கோள் ஒன்று நமக்கு வேண்டும்.

ஆசை வேறு, குறிக்கோள் வேறு. "நான் மருத்துவராவேன்" என்று சொல்வது ஆசை. நோயுற்றோர்க்கு உதவ வேண்டும் என்னும் நோக்கத்தோடு, மனித உடலைப் பற்றி இன்றே ஒரு பக்கம் படிப்பது குறிக்கோளின் தொடக்கம். ஏன் என்னும் வினாவுக்கு விடையும், இன்று செய்யத்தக்க ஒரு சிறு செயலும் அமையும்போதுதான் ஆசை குறிக்கோளாக வளர்கின்றது.

நம் தோட்டப்புறங்களின் பால் மரமே இதற்கு நல்லதொரு சான்றாகும். தென் அமெரிக்காவிற்கு உரிய அம்மரத்தின் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற எச்.என். ரிட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர், அம்மரங்களை நாள்தோறும் ஆராய்ந்தார். மரத்தைக் கோடரியால் கொத்திப் புண்படுத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அம்முறையால் ஒரே மரத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து பால் எடுக்க இயன்றது.

எனினும், அவர் சொல்லைத் தோட்ட முதலாளிகள் எளிதில் ஏற்கவில்லை. அவர்களுக்குக் காப்பிப் பயிரே பெரிதாகத் தோன்றிற்று. நட்ட ரப்பர்க் கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அத்துணைக் காலம் காத்திருக்க யார் முன்வருவர்? காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொன்னதால், 'பைத்தியக்கார ரிட்லி' என்னும் பெயரே அவருக்குக் கிடைத்தது. அவர் பொறுப்பேற்று எட்டு ஆண்டுகள் கழித்து, 1896-இல், டான் சாய் யான் என்பவர் மலாக்காவில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். 1920-ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது. அத்தோட்டங்களில் உழைத்தோருள் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் ஆவர்.

எட்டு ஆண்டுகள் ஏளனத்தைத் தாங்க ரிட்லிக்கு எவ்வாறு இயன்றது? செடி கொடிகளை ஆராய்வதிலேயே அவருக்குத் தணியாத ஈடுபாடு இருந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் அவர் பணியை நிறுத்தினாரல்லர். மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். அப்போது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார்.

பால் வெட்டும் தொழிலிலும் நாம் கற்கத்தக்கது உண்டு. உளி ஆழமாக இறங்கினால் மரம் புண்படும். மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். அளவறிந்து சீவும் கைத்திறன் பலநாள் பழக்கத்தால் வருவது. ஒரே நாளில் மிகுதியாகப் பெற விரும்பி மரத்தை ஆழ வெட்டுவோர் அம்மரத்தையே கெடுத்துவிடுவர். தேர்வுக்கு முதல்நாள் இரவெல்லாம் விழித்துப் படிப்பதும் இத்தகையதே.

மற்றொரு சான்றையும் காண்போம். 1997-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய இருவரும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் மலேசியர் என்னும் பெருமையைப் பெற்றனர். எவரெஸ்டில் ஏறுவோர் நேராக உச்சிக்குச் செல்வதில்லை. மேலே செல்லச் செல்லக் காற்றில் உயிர்வளி குறைகின்றது. ஆதலால், ஒரு முகாம் வரை ஏறுவர். உடல் பழகுவதற்காக மீண்டும் இறங்குவர். பின்னர் அதனினும் உயர ஏறுவர். இறங்குவதும் ஏற்றத்தின் ஒரு பகுதியே. நம் முயற்சியில் ஒருநாள் பின்னடைவு நேர்ந்தால், அதனைத் தோல்வியென்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! இனி நாம் செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, நமக்கும் பிறர்க்கும் நன்மை தரும் குறிக்கோள் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். அண்டை வீட்டார் சொன்னதற்காகவோ, நண்பர் கொண்டதற்காகவோ அதனைக் கொள்ளுதல் ஆகாது. இரண்டாவதாக, அதனை நாள்தோறும் செய்யத்தக்க சிறு பகுதிகளாகப் பிரிப்போம். நல்ல தமிழில் எழுத விரும்பும் மாணவர் ஒருவர் நான்காம் ஆண்டில் தொடங்கி நாளொரு பக்கம் எழுதி வந்தால், ஆறாம் ஆண்டின் இறுதியில் ஆயிரம் பக்கங்களைக் கடந்திருப்பார். ஆயிரம் பக்கம் என்றால் மலைப்புத் தோன்றும். ஒரு பக்கம் எவர்க்கும் எளிது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ?

மூன்றாவதாக, வழியிலேயே இன்பம் காணப் பழகுவோம். பிறருடைய மதிப்பெண்ணோடு நம்மை ஒப்பிடுவதை விடுத்து, சென்ற மாதம் நாம் எழுதிய பக்கத்தை இன்று எழுதிய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பிழைகள் குறைந்திருப்பதைக் காணும்போது எழும் மகிழ்ச்சியை எந்தப் பரிசும் தர இயலாது. பெற்றோரும், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "இன்று புதிதாக என்ன அறிந்தாய்?" என்று கேட்பார்களாயின், பிள்ளைகளின் ஆர்வம் பன்மடங்கு பெருகும்.

வளர வளர நம் குறிக்கோள் மாறவும் கூடும். அதனால் இழப்பொன்றுமில்லை. நாள்தோறும் முயலும் பழக்கமும், அம்முயற்சியில் இன்பம் காணும் உள்ளமும் எக்குறிக்கோளுக்கும் உடன்வரும். அவ்வுள்ளத்தை இப்பள்ளிப் பருவத்திலேயே பெறுவோமாக!