துலுக்க நாச்சியாரும் பள்ளிக்கூடத்துப் பெண்ணும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அரசு முத்திரையிலே கண்டு பெருமைப்படுகிற நாம், பருவ வயதுப் பெண்ணொருத்தி தன் முதற்காதலை லஜ்ஜையின்றி 143 பாசுரங்களாக நாச்சியார் திருமொழியில் பாடிவைத்த ஸ்தலம் அது என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அந்த ஆண்டாள் வரித்த அரங்கனையே மோகித்தவளாக வைணவ மரபு இன்னொரு கன்னிகையையும் சொல்லுகிறது: டில்லி சுல்தானின் குமாரி, துலுக்க நாச்சியார். ஸ்ரீரங்கத்தில் அவளுக்கு விக்கிரகம் இல்லை, சித்திரம்தான்; அவள் பொருட்டுப் பெருமாள் கைலி உடுத்துகிறார், ரொட்டி அமுது செய்கிறார். சரித்திர ஆதாரம் கேட்பவர் கேட்கட்டும், நிவேதனம் நிற்பதில்லை.

கோயிலில் கிடைத்த இடம் வகுப்பறையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. முக்காடு அணிந்த மாணவிகளை உடுப்பி அரசு மகளிர் கல்லூரி வாசலில் நிறுத்தியதும், அண்டைக் கல்லூரிகளில் சக மாணவர்கள் காவித் துண்டோடு எதிரே நின்றதும் பழங்கதையல்ல. 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் வகுப்பறையில் முக்காட்டுக்கு விதித்த தடையை ஆதரித்தது; அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் இருவரும் மாறுபட்டனர். அவ்விருவருள், பெண்ணின் படிப்பே பிரதானமென்று தடையை ஏற்காத நீதிபதி துலியாவின் பக்ஷமே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறும் முஸ்லிம் பெண்ணொருத்தி, வேற்று மதத்து வகுப்புத் தோழனிடம் மனத்தைப் பறிகொடுத்தால், துவேஷத்தோடு இரு வீட்டாரின் கோபமும் சேர்ந்துகொள்ளும். மதம் மாறாமல் மணக்க 1954ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் உண்டு. அதற்கும் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று நிரம்பியிருக்க வேண்டும், பெயர்கள் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஊரறியத் தொங்கவும் வேண்டும்.