கணினிவழி இசையாக்கம்

பாடிய பாட்டு காற்றொடு கலந்து மறைதல் இயல்பு. அதனை மறையாவண்ணம் பதிந்து பலர் கேட்க அளித்தல் முன்னாளிற் பெரும்பொருள் உடையார்க்கே கைகூடுவதாயிருந்தது. ஒலிப்பதிவுக் கூடமும், கருவிகளும், அவற்றை இயக்கவல்லாரும் ஒருங்கே வேண்டப்பட்டமையே அதற்குக் காரணம். இன்றோ அக்கூடம் முழுதும் ஒரு மென்பொருளாய்ச் சுருங்கிக் கணினியினுள் அடங்கிற்று. அதனைக் கையாளத் தொடங்குவார்க்கு இன்றியமையாதன சிலவற்றை ஈண்டு யாம் சுருங்கக் கூறுவாம்.

கணினி இசைத்தல் நேற்று நிகழ்ந்த புதுமையன்று. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்து மாக்ஸ் மாத்யூஸ் என்பார் இயற்றிய நிரல், ஐ.பி.எம். 704 என்னும் பெரும்பொறியைக் கொண்டு 17 வினாடி அளவினதாகிய இசையொன்றைப் பிறப்பித்தது. 1983-இல் மிடி என்னும் பொதுநெறி வகுக்கப்பட்டபின், வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இசைக்கருவிகளும் கணினியும் தம்முள் ஒத்தியங்கலாயின.

முதற்கண் அறியற்பாலது, ஒலிப்பதிவும் மிடிப்பதிவும் வேறென்பது. மைக்கின் வழியாக வரும் குரலைக் கணினி வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கி வைத்துக்கொள்ளும். மாந்தர் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளை உடையது. அதனைப் பழுதின்றி மீட்டற்கு அதன் இருமடங்கினும் மிக்க அளவைகள் வேண்டுமாதலின் அவ்வெண் கொள்ளப்பட்டது. மிடியோ ஒலியன்று, எச்சுரம், எப்பொழுது, எத்துணை வலிவுடன் அழுத்தப்பட்டது என்னும் குறிப்பே. ஆதலின் மிடியிற் பதிந்ததனைக் குழலாகவோ வயலினாகவோ பின்னர் மாற்றி ஒலிப்பித்தல் எளிது.

மென்பொருட்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். என்னும் இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. முன்னது குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுதற்கும், பின்னது மிடிவழி இசையமைத்தற்கும் ஏற்றது. ஆப்பிள் கணினி உடையார்க்குக் கராஜ்பேண்டும் விலையின்றி உரியது. இவற்றோடு ஒரு மைக்கும் ஒரு ஹெட்போனும் தொடக்கத்திற்குப் போதும். ஒலிபெருக்கியை விடுத்து ஹெட்போனைக் கொள்ளின், முன் பதிந்த தாளவொலி மைக்கினுட் புகாது.

பதியுங்கால் இரண்டினைக் கருத்திற் கொள்க. ஒலியளவு காட்டும் கோடு சிவப்பை எட்டலாகாது. எட்டின் அலையின் முகடு வெட்டுண்டு குரல் கரகரக்கும். பின்னர்த் திருத்துதல் அரிது. பாடியது ஹெட்போனிற் சற்றுத் தாழ்த்துக் கேட்குமாயின், பஃபர் என்னும் அமைப்பின் அளவைக் குறைத்தல் வேண்டும். அது 256 ஆயின் அதனால் நேரும் தாழ்வு ஏறத்தாழ 6 மில்லிவினாடியே. மிகக் குறைப்பின் கணினி திணறி ஒலி விட்டுவிட்டு வரும்.

இனி, தலையாய செய்தி ஒன்றுண்டு. இம்மென்பொருள்கள் பல, திறந்தவுடன் நிமிடத்திற்கு 120 தட்டு, நந்நான்கு தட்டாய்ப் பகுத்த தாளம் என்னும் அமைப்பொடு தோன்றும். தொடங்குவார் பலர் அதனையே மாறா விதியெனக் கொண்டு, தம் பாட்டை அதற்கேற்ப நெருக்குவர். மிசிரசாபுப் பாட்டை அச்சட்டத்துட் புகுத்தின் அதன் நடை குலையும். தாளத்தை ஏழெண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளுதல் ஒரு நொடிப் பணியே. மிடி விசைப்பலகையும் ஒரு தானத்தைப் பன்னிரு சமகூறாக்கி நிற்பது. நம் இசையின் கமகமோ அக்கூறுகளின் இடைவெளியில் உயிர்ப்பது. சுரத்தை வளைக்கும் சக்கரத்தால் ஒருவாறு அதனை எட்டலாமெனினும், குரலையும் வீணையையும் நேரே பதிதலே சாலச் சிறந்தது. கருவி நமக்கு ஏவல் செய்தல் வேண்டும். நாம் அதற்கு ஏவல் செய்தல் தகாது.

ஆதலின் நண்பர்காள்! புதுப்புதுக் கருவிகளைத் தேடித் திரியாது, சுருதி, தாளம், குரல் என மூன்றே தடங்கொண்டு இரண்டு நிமிடப் பாட்டொன்றை முற்ற முடிப்பீராக. குரல் தெளிவுறக் கேட்குமாறு ஏனையவற்றை அடக்கி, மூன்றையும் கலந்து, ஒரு கோப்பாக்கிப் பிறரைக் கேட்பிப்பீராக. முடிந்த சிறு பாட்டொன்று, முடியாத பெருங்காப்பியங்கள் பலவற்றினும் மிகுதியாகக் கற்பிக்கும் என்பது திண்ணம்.