பிள்ளையின் யூரின் ரிப்போர்ட்டில் ‘பிளஸ்’ இருந்தால்

ரிப்போர்ட்டில் ‘பிளஸ்’ அடையாளத்தைக் கண்டதும், “கிட்னி போயிருச்சா ஐயா?” என்று எங்களிடம் கேட்கிற தாய்மார் பலர். அனுராதபுரம், மதவாச்சி பக்கத்துச் சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட பயம் அது. அந்த நோய் பெரும்பாலும் வயல் வேலை செய்கிற பெரியவர்களுக்கு வருவது. பிள்ளைகள் விஷயம் வேறு.

‘அல்புமின்’ என்பது புரதம். காய்ச்சல் நேரத்திலும், ஓடியாடிய பிறகும் கொஞ்சம் வெளியாகும். ஆகவே ஒரு பிளஸ் என்றால், காய்ச்சல் விட்டதும் விடியக்காலை முதல் சிறுநீரில் மறுபடி பார்ப்பார்கள். மூன்று பிளஸ் இருந்து, காலையில் கண்ணிமையும் முகமும் வீங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘சுகர்’ பிளஸ் இருந்து, பிள்ளை ஓயாமல் தண்ணி கேட்டு மெலிந்துகொண்டு போனாலும் அப்படித்தான்.

‘பஸ் செல்ஸ்’ என்பது சீழ்க்கலங்கள். 5 வரை இருந்தால் பொதுவாகப் பயமில்லை. கூடுதலாக இருந்து காய்ச்சலோ எரிவோ இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதை நிச்சயப்படுத்துவது ‘கல்ச்சர்’ பரிசோதனை. அதற்கு முன்பே பாமசியில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டால் கிருமி தெரியாமல் போய்விடும். ‘எபிதீலியல் செல்ஸ்’ நிறைய இருந்தால், பெரும்பாலும் சரியாகக் கழுவாமல் பிடித்த சிறுநீர்தான்.

நம்ம பக்கம் அதிகம் கவனிக்க வேண்டியது ‘ரெட் செல்ஸ்’, அதாவது இரத்தக் கலங்கள். லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் வீடு முழுக்கப் பரவும். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும். அந்தப் புண் வந்து 3 முதல் 6 வாரத்துக்குள்ளேயும், தொண்டை நோவு என்றால் இன்னும் சீக்கிரமாகவும், சிலருக்குச் சிறுநீரகம் அழற்சி அடையும். சிறுநீர் பிளேன்டீ நிறமாகும், அளவு குறையும், முகம் ஊதும். பிரஷர் ஏறினால் வலிப்பு வரலாம். புண்தான் ஆறிவிட்டதே என்று வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. நேரத்தோடு கொண்டுபோனால் பெரும்பாலான பிள்ளைகள் முழுச் சுகமாகிறார்கள். சுகமான பிறகும் சில மாதங்கள் ரிப்போர்ட்டில் ரெட் செல்ஸ் தெரியலாம். அதற்காகப் பயந்து கிளினிக்கை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. மேல் டிவிஷனில் விடியக்காலை பிடித்த சிறுநீர், பஸ்ஸில் போய்ப் பத்து மணிக்கு லேப்பில் சேர்ந்தால், கலங்கள் உடைந்து கிருமியும் பெருகியிருக்கும். நம்ம குளிருக்கு உப்புப் படிந்து கலங்கலாகவும் தெரியும். முதல் சிறுநீர் வேண்டுமென்று டொக்டர் சொல்லாவிட்டால், லேப் போத்தலை வாங்கி அங்கேயே பிடியுங்கள். வீட்டு ஜாம் போத்தல் வேண்டாம்.

இரண்டாம் முறை வரச் சொன்னால் ஒரு நாள் பேர் போகும். அது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த இரண்டாவது ரிப்போர்ட்தான் டொக்டருக்கு வழி காட்டுவது. டிக்கோயா, நுவரெலியா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பார்க்கக் காசு இல்லை. பழைய ரிப்போர்ட்டை வீசாமல் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் வைத்துக்கொண்டு போங்கள்.