போல்ட் அச்சாணி அல்ல

1957-இல் லோட்டஸ் நிறுவனத்தின் கோலின் சாப்மன் ‘செவன்’ என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் அன்றைய பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் இல்லை. 1973-இல் அந்த வரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதே ஆண்டு செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதைப் பாகங்களாக விற்கிறது. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம் இன்னும் துணிந்தது: சேஸிஸை நீங்களே வெல்டு செய்யுங்கள், மற்றதைப் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டில் கழற்றிக்கொள்ளுங்கள் என்றது. அப்படிக் கட்டிய கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர்.

இந்தக் கார்களில் எஞ்சின் கிளம்பாவிட்டால் கார் ஷெட்டிலேயே நிற்கும், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் மூட்டு அப்படியல்ல. அது வளைவில், வேகத்தில்தான் கைவிடும்.

லோகாஸ்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு விஷ்போன் கரங்கள் பிடித்திருக்கின்றன. கரத்தின் உள்முனைகள் சேஸிஸ் பிராக்கெட்டில் புஷ் என்னும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உருளை வழியாகப் பூட்டப்படும். வெளிமுனையில் பால் ஜாயிண்ட். புதிதாகக் கை வைப்பவர் உள்முனையைக் கதவுக் கீல் என்று நினைத்துக்கொள்வார்: போல்ட் நடுவில் நிற்கும், கரம் அதைச் சுற்றி ஆடும். அப்படி நினைத்தால் நட்டைக் கொஞ்சம் தளர்வாக விடத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

புஷ்ஷின் நடுவே ஓர் எஃகு ஸ்லீவ் இருக்கிறது. போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட்டின் இரு காதுகளும் அந்த ஸ்லீவை இறுகக் கவ்வ வேண்டும். காது, ஸ்லீவ், போல்ட் மூன்றும் ஒட்டிப்போய் அசையாமல் நிற்க, ஆட்டமெல்லாம் ஸ்லீவுக்கு வெளியே நடக்க வேண்டும். சுமையைப் பெரும்பாலும் தாங்குவது இந்தக் கவ்வலில் வரும் உராய்வு. கவ்வல் தளர்ந்தால் போல்ட் துளையில் அடிபட்டு அடிபட்டுத் துளையை நீள்வட்டமாக்கும், பிறகு தானே முறியும்.

செய்ய வேண்டியவை பலவும் இதிலிருந்தே வருகின்றன. காதின் உட்புறத்தில் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். அழுத்தத்தில் பெயின்ட் நசுங்கினால் கவ்வலும் குறையும். ஸ்லீவ் புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும், இல்லையேல் நெருக்குவது பிளாஸ்டிக்கைத்தான். கைக்கணக்கு போதாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். 8.8 தர, 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. கிட்டின் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. அந்த 80 காய்ந்த மரைக்கு. கிரீஸ் பூசிய மரையில் அதே அளவுக்கு முறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும்.

ரப்பர் புஷ்ஷுக்கு ஒரு தனிக் குணம். அது ஸ்லீவோடு ஒட்டவைக்கப்பட்டது. சுழலாது, முறுகித் திரும்பும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எனவே காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. பாலியூரிதேன் புஷ் ஸ்லீவின்மேல் வழுக்கிச் சுழல்வதால் அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை, உரிய கிரீஸ் இருந்தால் போதும்.

பால் ஜாயிண்டின் தண்டு கூம்பு வடிவம். அதற்கான துளையும் கூம்பு. இரண்டும் துடைத்து, எண்ணெய்ப் பசையின்றி, ஒரே சரிவில் பொருந்த வேண்டும். ‘ஏறக்குறைய பொருந்துகிறது’ என்றால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுங்கள்; வெவ்வேறு கார்களில் கழற்றிய பாகங்களைச் சேர்க்கும்போது இது அடிக்கடி வரும். நட்டின் பள்ளத்தோடு ஸ்ப்ளிட் பின் துளை நேர்படவில்லை என்றால் நட்டை அடுத்த பள்ளம்வரை இறுக்கலாம், தளர்த்தவே கூடாது.

பந்தயக் கார் பாணியில் ரோஸ் ஜாயிண்ட் என்னும் உலோக உருண்டை மூட்டைப் போடும் ஆசை பலருக்கு உண்டு. பார்க்க அழகுதான், சாலைக்கு அவசியமா என்பது என் சந்தேகம். அதன் மரைத்தண்டு இழுவையையும் அழுத்தத்தையும் தாங்கும், வளைக்கும் விசையை அவ்வளவாகத் தாங்காது. போடுவதானால் மரை, விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். வெளிக்கூட்டின் துளையைவிடப் பெரிய வாஷர் ஒன்றும் வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் உருண்டை கழன்றாலும் கரம் போல்ட்டை விட்டு வெளியேறாது.

ஸ்பிரிங் பூட்டுமுன் ஒரு சோதனை. கரத்தை ஜாக்கியால் மேலே முழுக்க ஏற்றி, பிறகு முழுக்க இறக்கிப் பாருங்கள். ஸ்டீயரிங்கையும் இரு எல்லைவரை திருப்புங்கள். எந்த மூட்டும் எங்கும் முட்டக் கூடாது. கார் ஸ்டாண்டுகளின்மேல் நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்.

நைலாக் நட்டு ஒருமுறை கழற்றினால் குப்பைக்கு. புதியதைப் பூட்டியதும் போல்ட்டின் நுனி நைலான் வளையத்தைத் தாண்டி ஒரு மரையாவது வெளியே தெரிய வேண்டும். இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். பிரிட்டனில் சாலைக்கு வருமுன் ஐ.வி.ஏ. என்னும் தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும், ஆனால் அந்த ஆய்வாளர் காரைப் பார்ப்பது ஒருமுறைதான். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று பார்த்து, டார்க் ரெஞ்சை மறுபடி வைத்துச் சரிபார்ப்பது கட்டியவர் வேலை.