தொடை எலும்புத் தலை நசிவு

தொடை எலும்புத் தலை நசிவு என்பது, இடுப்பு மூட்டில் பந்து போல் அமைந்த தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு, அந்த எலும்பு சிறிது சிறிதாக இறந்துபோகும் நோயாகும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'ஏ.வி.என்.' என்பர். 30 முதல் 50 வயது வரை உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணங்கள்

எலும்புத் தலைக்கு இரத்தம் தரும் மெல்லிய நாளங்கள் எலும்பின் கழுத்தை ஒட்டி மேலேறுகின்றன. விபத்தில் கழுத்துப் பகுதி முறிந்தாலோ மூட்டு விலகினாலோ அவை சேதமடையும். விலகிய மூட்டை 6 மணி நேரத்துக்குள் பொருத்திவிட்டால் ஆபத்து குறையும். நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, மிகையான மது, அரிவாள் செல் இரத்தசோகை ஆகியவை பிற காரணங்கள். 2021இல் மும்பையில், கொரோனாவுக்காக ஸ்டீராய்டு பெற்ற, 40 வயதுக்குட்பட்ட மூவருக்கு இந்நோய் வந்தது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

அறிகுறிகள்

வலி முதலில் தொடை இடுக்கில் தோன்றும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரிவதால் மூட்டுத் தேய்மானம் எனத் தவறாகக் கருதப்படும். சம்மணமிட்டு அமர்வதும் குந்துவதும் கடினமாகும். தொடக்கத்தில் எக்ஸ்-ரே இயல்பாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. பரிசோதனையே நோயை முன்கூட்டிக் காட்டும். விபத்தால் வராத நோய் மறுபக்க இடுப்பையும் தாக்கக்கூடும் என்பதால் இரு இடுப்புகளையும் பார்ப்பர்.

சிகிச்சை

எலும்புத் தலை உருக்குலைந்ததா இல்லையா என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. உருக்குலையாத நிலையில், எலும்பினுள் துளையிட்டு அழுத்தத்தைக் குறைப்பர். தேவைப்பட்டால் உடலின் வேறிடத்து எலும்பை எடுத்து வைப்பர். ஊன்றுகோல் காலின் மீதான சுமையைக் குறைக்கும். உருக்குலைந்த பின் பெரும்பாலும் முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவையே வழி. எண்ணெய் தேய்ப்பதாலும் கட்டுப் போடுவதாலும் நின்ற இரத்த ஓட்டம் திரும்பாது, காலம்தான் வீணாகும்.

உளுந்தூர்பேட்டை வட்டாரத்தினர் கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவையும் அடங்கும்.

கவனிக்க வேண்டியவை

ஸ்டீராய்டு உட்கொள்வோர் அச்சத்தால் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். இடுக்கு வலி சில வாரங்கள் நீடித்தால், தாம் உட்கொண்ட மருந்துகளையும் பழைய விபத்தையும் மருத்துவரிடம் சொல்லி, எம்.ஆர்.ஐ. தேவையா எனக் கேட்க வேண்டும்.