அண்ணன் இரும்பு, தம்பி இரும்பு

‘டக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் உழுதுகொண்டிருந்த பவர் டில்லர் கைப்பிடி தொங்கிப்போய் நின்றுவிட்டது. பவர் டில்லர் தெரியும்தானே? இரண்டே சக்கரம். ஓட்டுகிறவர் பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் குட்டி டிராக்டர். கைப்பிடியை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருந்த இரும்பு பிராக்கெட் நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. வண்டி ரொம்பப் பழசு. ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் “இந்த மாடலுக்கு இப்ப எதுவும் வர்றதில்லைங்க” என்றே சொன்னார்கள்.

முறிந்த துண்டுகளை வாங்கிப் பார்த்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், சர்க்கரையை அழுத்திக் கெட்டியாக்கினாற்போல் மினுமினுத்தது. ஆணியைத் தட்டினால் வளையும். இது வளையாது, முறியும். இதுதான் வார்ப்பிரும்பு. இந்த இரும்பு 100 கிராம் எடுத்தால் அதில் 3 கிராம் அளவுக்குக் கார்பன் இருக்கும். அதில் பெரும்பங்கு உங்கள் பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்டாக, மெல்லிய சில்லு சில்லாக உள்ளே பரவிக் கிடக்கிறது. சாம்பல் நிறம் அதனால்தான். ஒரு விரிசல் விழுந்தால் இந்தச் சில்லு, அடுத்த சில்லு என்று தாவிக்கொண்டே போய் ஒரே நொடியில் முறித்துவிடுகிறது.

மோட்டார் பம்புக்கும் பவுண்டரிக்கும் பேர்போன கோயம்புத்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது! துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு சின்ன பவுண்டரிக்கு நானும் சித்தப்பாவும் போனோம். தரையெங்கும் கருத்த மணல். நடுவில் குத்தவைத்து மணலைப் பிசைந்துகொண்டிருந்தார் ஒரு மோல்டர் தாத்தா.

எனக்கு வழி சுலபமாகத் தோன்றியது. இரண்டு துண்டையும் ஒட்டி மணலில் அழுத்தினால் பள்ளம் விழும். பள்ளத்தில் இரும்பை ஊற்றினால் புது பிராக்கெட். கொழுக்கட்டை அச்சு மாதிரி. அதைச் சொன்னதும் தாத்தா சிரித்தார்.

“இதையே அச்சா வெச்சு ஊத்துனா, பொறக்கறது இதோட தம்பியாத்தான் இருக்கும், கண்ணு. அண்ணன் அளவுக்கு வராது.”

ஏன் வராது என்பதற்கு, உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்தபிறகு, நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். யாரும் எண்ணெயை எடுக்கவில்லை. உறையும்போது எண்ணெயே சுருங்கிவிட்டது. ஓரம் முதலில் உறைகிறது. நடுப்பகுதி கடைசியில் உறைகிறது. குறைகிற இடமெல்லாம் அந்த நடுவில்தான் போய்ச் சேர்கிறது. தண்ணீர் இதற்கு நேர் எதிர். பனிக்கட்டியாகும்போது விரியும். அதனால்தான் பிரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிக்கிறது.

உலோகங்களில் பெரும்பாலானவை எண்ணெயின் கட்சி. உருகிய குழம்பாக இருக்கும்போதே, சூடு குறையக் குறைய கொஞ்சம் சுருங்கும். பெரும்பாலானவை உறையும்போதும் சுருங்கும். கெட்டியானபின்பும், கைபடும் சூட்டுக்கு ஆறுகிறவரை இன்னும் சுருங்கிக்கொண்டே இருக்கும். சூடாக இருக்கையில் அணுக்கள் பலமாக அதிர்ந்து ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. ஆற ஆற அதிர்வு அடங்கி நெருங்கி நிற்கின்றன. இந்தக் கடைசிச் சுருக்கம் வார்ப்பிரும்பில் மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். அலுமினியத்தில் 13. எஃகில் 20. வார்ப்பிரும்பு எஃகைவிடக் குறைவாகச் சுருங்குவதற்கு அந்தக் கிராஃபைட்டே ஒரு காரணம். அது உருவாகும்போது கூடுதல் இடம் பிடிக்கிறது.

எங்கள் பிராக்கெட்டில் இரண்டு போல்ட் துளைகள். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை சரியாக 200 மில்லிமீட்டர். கணக்குப் போடுங்கள். அப்படியே ஊற்றினால் 198தான் வரும். வண்டியில் இருக்கும் துளைகளோ 200லேயே நிற்கும். போல்ட் எப்படி நுழையும்?

தாத்தா ஒரு மரப்பெட்டியிலிருந்து எஃகு ஸ்கேல் ஒன்றை எடுத்தார். பார்த்தால் சாதாரண ஸ்கேல். தன் சட்டைப்பையிலிருந்த இன்னொரு ஸ்கேலை அதன் பக்கத்தில் ஒட்டிவைத்து, “இப்பப் பாரு” என்றார். பூஜ்யத்தில் இரண்டும் ஒன்றாக நின்றன. 10 சென்டிமீட்டர் கோடுகள் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தன. 20 சென்டிமீட்டரில் 2. 30 சென்டிமீட்டரில் 3. அந்த ஸ்கேலின் ஒவ்வொரு கோடும் நூற்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது! அச்சு செய்கிறவர்கள் இதை வைத்து அளப்பார்கள். இதில் 200 என்று அளந்து அச்சு செய்தால் உண்மையில் 202 இருக்கும். இரும்பு ஆறியதும் 200க்கு வந்து நிற்கும். சுருக்கக் கணக்கு முழுவதையும் கோடுகளுக்குள்ளேயே அடைத்துவைத்த அந்த ஸ்கேலை நான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எங்கள் பிராக்கெட் ஏற்கெனவே செய்துமுடித்த இரும்பாயிற்றே, அதை எப்படி நீட்டுவது? அதற்கு வழி அந்த முறிவிலேயே இருந்தது. தாத்தா இரண்டு துண்டையும் ஒரு சமமான பலகையில் படுக்கவைத்தார். உடைந்த முகங்களை ஒட்டவைக்கவில்லை. சுருக்க ஸ்கேலில் துளைக்குத் துளை 200 காட்டும்வரை மெல்ல நகர்த்தினார். நடுவில் மெல்லிய சந்து விழுந்தது. அதில் எம்சீல் ஒட்டுக்கலவையைப் பிசைந்து அடைத்தார். துளைகளையும் அடைத்துவிட்டார். ‘துளை வார்ப்பில் வராது, பிறகு டிரில் போடுவோம், சுற்றியுள்ள தடித்த வட்டம் சரியான இடத்தில் வந்தால் போதும்’ என்றார். தடிமனில் சுருக்கம் வராதா என்று கேட்டேன். வரும். ஆனால் 12 மில்லிமீட்டர் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு என்றால் முடி அளவுதான். நீளத்தில்தான் அது பெரிய தொல்லை.

பிறகு மணல். மணலோடு பென்டோனைட் என்ற களிமண்ணும், நிலக்கரித் தூளும், கொஞ்சம் தண்ணீரும் கலந்திருக்கும். தாத்தா ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டுக் கையை விரித்தார். விரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது. இரண்டாக ஒடித்தார். உதிராமல் சுத்தமாக ஒடிந்தது. பக்குவம் சரி. 100 கிராம் மணலுக்கு 4 கிராம் தண்ணீர் போதும். கூடினால் ஆபத்து. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மணலின் சந்துகள் வழியாக அந்த ஆவி வெளியேற முடியாவிட்டால் உருகிய இரும்பைத் தூக்கி வீசிவிடும். பவுண்டரியில் ஈரக் கரண்டியைக்கூடக் குழம்பின் அருகே கொண்டுபோக மாட்டார்கள். உலோகம் உருக்குவதை நீங்கள் வீட்டில் செய்துபார்க்கவே கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

மணலை இறுக்கியபின் அச்சைத் தட்டி அசைத்து மேலே தூக்கினார். ஓரம் ஒன்றுகூட உதிரவில்லை. இட்லித்தட்டின் குழி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால்தானே இட்லி பிய்யாமல் வருகிறது? பிராக்கெட்டின் பக்கங்களும் அப்படிச் சரிவாகவே இருந்தன. அதுவும் ஒரு காலத்தில் மணலில் பிறந்ததுதானே!

சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்பன் கலந்த வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். குல்ஃபிக்காரர் பனிக்கட்டியில் உப்புப் போட்டதும் அது பூஜ்யத்துக்குக் கீழும் உருகுவது போலத்தான். கலப்பு வந்தால் உருகுநிலை இறங்கும். அந்த 1,200 டிகிரிக்கும் மேலே சூடேற்றித்தான் ஊற்றுவார்கள்.

மணலில் விட்டிருந்த ஒரு துளை வழியாக ஊற்றிய ஆரஞ்சு நிறக் குழம்பு, உள்ளே ஓடி மறுபக்கத் துளையில் எட்டிப்பார்த்தது. அந்த மறுபக்கத் துளைக்கு ரைசர் என்று பெயர். “அதையே பாத்துட்டு இரு கண்ணு” என்றார் தாத்தா. பார்த்தேன். ததும்பி நின்ற குழம்பின் நடுவில் மெல்ல ஒரு குழி விழுந்தது. மார்கழி எண்ணெய் பாட்டிலில் விழும் அதே குழி! உள்ளே சுருங்குகிற இரும்புக்கு ரைசர் தன்னிடமிருந்த குழம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரைசர் இல்லாவிட்டால் அந்தக் குழி பிராக்கெட்டுக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல் விழுந்திருக்கும். குழம்பாக இருக்கும்போதும் உறையும்போதும் வரும் சுருக்கத்துக்கு ரைசர். கெட்டியானபின் வருவதற்கு அந்தச் சுருக்க ஸ்கேல்.

உடனே எடுத்துவிடலாம் என்று சித்தப்பா அவசரப்பட்டார். தாத்தா விடவில்லை. வேகமாக ஆறினால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரம் கிடைக்காது. இரும்போடு சேர்ந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். அப்புறம் டிரில் இறங்காது. இரவு முழுக்க மணலுக்குள்ளேயே கிடந்தது.

மறுநாள் மணலைத் தட்டி, ரைசரை வெட்டி, வட்டங்களின் நடுவே துளை போட்டு, சாதாரண ஸ்கேலை வைத்தோம். 200.

தோப்புக்குப் போய்ப் பொருத்தினோம். சித்தப்பா ஸ்பேனரைத் தேடவில்லை. போல்ட்டை விரலாலேயே திருகினார். கடைசி மரை வரைக்கும் உள்ளே போனது.